எந்த மெஷினுக்கு எந்த ஃபுட்?

தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்கும்போது துணியைப் பற்களின் மேல் அழுத்திப் பிடிப்பது பிரஷர் ஃபுட். ஜிப் வைக்க, பைப்பிங் கொடுக்க, ஓரம் மடித்து அடிக்க என வேலைக்கு ஒன்றாகக் கடையில் கிடைக்கிறது. ஆனால் வாங்குமுன் பார்க்க வேண்டியது மெஷினின் தண்டை, அதாவது ஷாங்க்கை.

ஃபுட்டைக் கீழே இறக்கி, ஊசித் தகட்டிலிருந்து ஃபுட்டை முடுக்கியிருக்கும் திருகின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். சுமார் முக்கால் அங்குலம் இருந்தால் அது லோ ஷாங்க். ஒன்றேகால் அங்குலத்தை நெருங்கினால் ஹை ஷாங்க். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை முதல் வகை. சிங்கரின் சில பழைய மாடல்களில் ஊசியும் தண்டும் சாய்ந்திருக்கும். அவற்றில் மற்ற வகைத் தண்டுக்கான ஃபுட் நேரடியாகச் சேராது. பெர்னினாவின் இணைப்பு முறையே தனி. ‘எல்லா மெஷினுக்கும்’ என்று அட்டையில் போட்டு விற்கும் செட்டுகள் பெரும்பாலும் லோ ஷாங்க்குக்குத்தான். அச்சிட்டதை அப்படியே நம்புவதைவிட ஸ்கேலை நம்பலாம்.

புதிய மெஷின்கள் பலவற்றில் திருகைத் தொடவே வேண்டாம். தண்டிலுள்ள பிடியில் ஃபுட்டின் குறுக்குக் கம்பி ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். பழைய லோ ஷாங்க் மெஷினிலும் இந்தப் பிடியைத் தனியாக வாங்கி முடுக்கலாம்.

தண்டு பொருந்தினாலும் துளை பொருந்த வேண்டும். நேர்த்தையல் ஃபுட்டில் சிறு துளைதான். அதைப் போட்டு ஜிக்ஜாக் அடித்தால் ஊசி உலோகத்தில் மோதி ஒடியும். புது ஃபுட் எதுவானாலும் கைச்சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி எங்கும் இடிக்காமல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மோட்டாரை ஓட்ட வேண்டும்.