பெயரும் பிரஜாவுரிமையும்

கென்யாவும் எங்கள் நுவரெலியா, ஹட்டன் போலத் தேயிலை விளையும் மலைகளைக் கொண்ட நாடுதான். அந்நாட்டு இளைஞர் ஸ்டீபன் செரோனோ 3000 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் கெட்டிக்காரர். 2003 ஓகஸ்டில் அவர் கட்டார் நாட்டுப் பிரஜையானார். பெயரும் ஸைஃப் ஸஈத் ஷாஹீன் என்று மாறியது. ஆயுள் முழுக்க மாதம் ஆயிரம் டொலர் கிடைக்கும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

அதே மாதம் பாரிஸில் உலகச் சம்பியன் போட்டி நடந்தது. ஷாஹீன் முதலிடம். ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் கென்யாவின் எசக்கியேல் கெம்போய் இரண்டாமிடம். அதே ஓட்டத்தில் கென்யாவுக்காக ஓடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஷாஹீனின் சொந்தச் சகோதரர் ஆப்ரஹாம் செரோனோ! மற்றொரு சகோதரர் கிறிஸ்டோபர் கொஸ்கே, 1999 இல் இதே ஓட்டத்தில் கென்யாவுக்கு உலகப் பட்டம் பெற்றுக் கொடுத்தவர். ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு கொடிகள். பிள்ளைகளைப் பெற்ற நீங்கள்தான் சொல்ல வேண்டும், அந்த வீட்டில் அன்றிரவு எப்படிச் சோறு இறங்கியிருக்கும் என்று.

கென்யாவும் சும்மா இருக்கவில்லை. நாடு மாறியவர் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்ற ஒலிம்பிக் விதியைத் தளர்த்த அது சம்மதிக்கவில்லை. 2004 ஏதென்ஸில் ஷாஹீன் ஓடவில்லை. மூன்று பதக்கங்களையும் கென்யர்களே எடுத்தார்கள். அது முடிந்து சில நாட்களில் பிரசெல்ஸில் 7 நிமிடம் 53.63 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார் ஷாஹீன்.

பிழைப்புக்காக ஊர் விட்டுப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். பெயர் விஷயம்தான் அரபு படிப்பிக்கிற எனக்கு உறுத்துகிறது. ஸைஃப் என்றால் வாள், ஸஈத் என்றால் பாக்கியசாலி, ஷாஹீன் என்றால் ராஜாளி. அழகான பெயர்கள்தாம். 2000 இல் சிட்னியில் பல்கேரியாவின் ஏஞ்சல் பொப்போவும் ஸஈத் ஸைஃப் அஸ்அத் என்ற பெயரில்தான் கட்டாருக்குப் பளுதூக்கலில் வெண்கலம் வென்றார். அவர்களின் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். ஆனால் நாம் ஏழாம் நாள் அகீகா கொடுத்து வைக்கும் பெயர், விளையாட்டுச் சட்டையோடு சேர்த்துக் கொடுக்கிற பொருளா?

பெண் பிள்ளைகளையும் விடவில்லை. கென்யாவில் பிறந்த ரூத் ஜெபெட் 2016 இல் ரியோவில் பஹ்ரைனுக்காகத் தங்கம் வென்றபோது வயது 19. பின்னர் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக நான்காண்டுத் தடை. சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் 2017 இல் நாடு மாறுவதையே நிறுத்தி வைத்தது. 2018 இல் வந்த புதிய விதிப்படி மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். 20 வயதுக்குக் குறைந்தவர் மாற முடியாது.

இனி நம் மலையகத்துக்கு வாருங்கள். 1948 சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. யாருடைய விருப்பத்தையும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது எப்போது? 2003 ஒக்டோபரில். ஷாஹீன் கட்டார் பிரஜையாகி இரண்டே மாதம் கழித்து.

அதே வளைகுடாவுக்குத்தான் எங்கள் லயங்களிலிருந்து பணிப்பெண்கள் போகிறார்கள். பிறர் பிள்ளைகளை இருபது வருடம் வளர்த்துக் கொடுத்தாலும், விசா முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவர்களிடம் யாரும் பிரஜாவுரிமைப் பத்திரத்தை நீட்டுவதில்லை.