குளவி கொட்டினால் சுண்ணாம்பு போதாது

ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் குளவி கலைவது புதிதல்ல. அதன்பிறகு நடக்கும் அசட்டையும் புதிதல்ல. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு, இரண்டு பனடோல், லயத்தில் படுக்கை. கங்காணி அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. முடியக்கூடாது.

மலையில் குளவி என்று பொதுவாகச் சொன்னாலும், பல நேரம் கொட்டுவது உயர்ந்த மரங்களில் கூடு கட்டும் பெருந்தேனீதான். தேனீ தன் கொடுக்கைத் தோலில் விட்டுப்போகும். தாமதிக்காமல் நகத்தால் வழித்தெடுங்கள். குளவி கொடுக்கை விடாது, ஒன்றே பலமுறை கொட்டும். எதுவானாலும் கூடையைப் போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாடைக்கு மற்றவையும் திரண்டு வரும்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே அட்ரினலின் ஊசி தேவைப்படலாம். கொழுந்து லொறிக்குக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2019 முதல் ஒன்பது மாகாணங்களிலும் ஓடுகிறது. தோட்டப் பெயரோடு டிவிஷனையும் பாதை பிரியும் சந்தியையும் சொல்லுங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போகட்டும். நிறையக் கொட்டு வாங்கியவர், வலி குறைந்தாலும் வைத்தியரைக் காணவேண்டும். அடுத்த நாட்களில் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இனி, பலரும் கோட்டைவிடும் காகித வேலை. வேலை நேரத்தில் குளவி கொட்டுவது வேலைத்தல விபத்து. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்கு நட்டஈடு கோரலாம். ஆனால் வைத்தியசாலை அட்டையில் வெறுமனே ‘பூச்சிக்கடி’ என்றிருந்தால், அது மலையில் நடந்ததா வீட்டில் நடந்ததா என்ற கேள்வி வரும். ஆகவே அனுமதிக்கும்போதே ‘தோட்டத்தில் வேலை செய்கையில் குளவி கொட்டியது’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். அன்றைய செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னது போதாது. கூட நின்ற இருவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயிர் போயிருந்தால் மரணச் சான்றிதழும் பிரேத பரிசோதனை அறிக்கையும் அவசியம். ஈமச்செலவுக்குத் தோட்டம் கொடுக்கும் பணம் உதவி; அது நட்டஈடு ஆகாது. கோரிக்கை போகவேண்டிய இடம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகம். வழி தெரியாதவர்கள் ஹட்டன் தொழில் அலுவலகத்தையோ தொழிற்சங்கத்தையோ நாடலாம். சட்டத்தில் கால எல்லை உண்டு, நாள் கடத்தாதீர்கள்.

கைக்காசுக்குப் பறிப்பவர் என்பதற்காகவே உரிமை இல்லையென்று யாரும் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள், விசாரியுங்கள். கூடு இருப்பது தெரிந்தும் ஆட்களை அந்த மலைக்கு அனுப்பும் நிர்வாகத்திடம், கூட்டை அகற்றும்படி எழுத்தில் கேளுங்கள். ‘எல்லாம் தீர்ந்தது’ என்று நீட்டப்படும் காகிதம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம்.