தொட்டிச் செடி அழுகினால் உடனே எறியாதீர்கள்

வெங்காயப் பாத்தியில் இலை நுனி கருகினால் எமது விவசாயிகளுக்கு யாரும் வந்து விளக்கம் சொல்லத் தேவையில்லை. மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். நேற்றுத் தண்ணீர் மாறியது யார் என்று கேட்பார்கள். அதே கைகள் மீன் தொட்டிச் செடியைத் தொடும்போது இந்த அனுபவம் எல்லாம் எங்கோ போய்விடுகிறது. இலை கரைந்தவுடன் செடி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருந்துகொண்டு செய்யக்கூடிய சிறுதொழில்களில் அலங்கார மீனும் நீர்ச்செடியும் அடங்கும். நாலு பேசின், நிழலுக்குக் கிடுகு, ஒரு கிணறு இருந்தால் தொடங்கலாம். ஆனால் முதல் முறை வாங்கிய செடி அழுகியதோடு கைவிட்டவர்களே நான் கண்டவரையில் அதிகம்.

வாடகை வளவொன்றில் இருக்கும் அக்கா ஒருவர் கொழும்பிலிருந்து இருபது கிரிப்டோகொரைன் செடிகளை எடுப்பித்து, கண்ணாடித் தொட்டியில் நட்டார். ஒன்பதாம் நாள் நான் போனபோது தொட்டி வெறுமையாக இருந்தது. "எல்லாம் கூழாய்ப் போச்சுது தம்பி. போட்ட காசும் தண்ணிக்குள்ளைதான்" என்றார். அழுகிய செடிகளைக் கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில் கொட்டியிருந்தார். மூன்று கிழமை கழித்து அந்தச் சேற்றிலிருந்து ஏழு செடிகள் துளிர்த்தன. அவை செத்திருக்கவே இல்லை.

கிரிப்டோகொரைன் வெளிநாட்டுச் செடி அல்ல. தொட்டி வளர்ப்போர் உலகெங்கும் விரும்பும் வென்டியை, பெக்கெற்றியை ஆகிய இரு இனங்களும் இலங்கைக்கே உரியவை. எமது நாட்டு ஆறுகளிலும் ஓடைகளிலும் இயற்கையாக வளர்பவை. (அதற்காக ஓடையில் போய்ப் பிடுங்க வேண்டாம். இவ்வினச் செடிகள் பல அருகி வருகின்றன. நாற்றுமேடையில் வளர்த்ததையே வாங்குங்கள்.) இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. இடம் மாறினால், தண்ணீர் மாறினால், வெளிச்சம் திடீரெனக் கூடினால் இலைகளை எல்லாம் விட்டுவிடும். இலை முதலில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். பின் ஓட்டை விழும். சில நாட்களில் வழுவழுப்பாகக் கரைந்துபோகும். ஆனால் மண்ணுக்குள் தண்டுக்கிழங்கு உயிரோடு இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாற்றுமேடைகளில் பெரும்பாலான நீர்ச்செடிகளை வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலை காற்றில் நிற்கும்படியே வளர்க்கிறார்கள். அந்த இலை தடித்தது, காற்றுக்குப் பழகியது. தண்ணீருக்குள் அமிழ்த்தியதும் அதனால் சுவாசிக்கவோ உணவு தயாரிக்கவோ சரியாக முடிவதில்லை. செடி அதைக் கைவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலையைப் புதிதாக விடுகிறது. மூன்று நாலு கிழமை பொறுக்க வேண்டும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது இது. செடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் பிடித்திருந்தால் உயிர் உண்டு. ஐயமானால் ஒரேயொரு செடியைக் கிளப்பிக் கிழங்கை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் நல்லது; மண்ணிறமாய், மெதுவாய், மணத்தால் அது முடிந்துவிட்டது. அழுகும் இலைகளைக் கத்தரித்து எடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் பழுதாகும். செடியை மட்டும் மீண்டும் இடம் மாற்றாதீர்கள். பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள்: அழுகுகிறது என்று பிடுங்கி வேறு மூலையில் நட, அது இன்னொருமுறை இலை விடுகிறது.

இரண்டு மாதமாகியும் தேறவில்லை என்றால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். எமது கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பது அதனால்தான். இப்படியான வன்னீரில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. அப்போது புதிதாக வரும் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். நெல்லிலும் மிளகாயிலும் நாம் பார்க்கும் கணக்குத்தான் இங்கும்: புதிய இலை வெளிறினால் இரும்புக் குறை, அடியிலுள்ள பழைய இலை முழுவதும் மஞ்சளானால் நைதரசன் குறை, பழைய இலையில் ஊசித் துவாரங்கள் விழுந்து ஓரம் மஞ்சளானால் பொற்றாசியம் குறை.

வன்னீருக்குச் செலவில்லாத மருந்து மழைநீர். கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். முதல் மழையை விட்டு, கூரை கழுவப்பட்ட பின் பிடியுங்கள். புதுத் தகரக் கூரை நீர் வேண்டாம், துத்தநாகம் கரைந்திருக்கும். குழாய் நீரானால் குளோரீன் போக ஒரு நாள் திறந்த வாளியில் வையுங்கள்.

தண்ணீரைத் திருத்திவிட்டுத் தொட்டிக்குள் அழகுக்காகச் சிப்பியும் முருகைக்கல்லும் வைத்தால் பயனில்லை. அவை கரைந்து மீண்டும் சுண்ணாம்பைக் கொடுக்கும். கல்லிலோ மணலிலோ ஐயமிருந்தால் ஒரு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது தொட்டிக்கு ஆகாது. கடற்கரை மணலை விட்டுக் கழுவிய ஆற்று மணலைப் போடுங்கள். இவ்வளவும் சிரமம் என்பவர்கள் வலிஸ்னேரியாவில் தொடங்கலாம். அது வன்னீரில் கரைந்துள்ள இருகாபனேற்றிலிருந்தே தனக்கு வேண்டிய காபனை எடுக்கக்கூடியது; எமது கிணற்று நீர் அதற்கு ஒத்துவரும்.

இனி யூரியா. இதை எழுத எனக்கு வெட்கம்தான். வயலில் மஞ்சளித்த பயிருக்கு யூரியா போட்டுப் பழகிய கை, ஒருநாள் என் மீன் தொட்டியிலும் ஒரு சிட்டிகை போட்டது. சில நாட்களுக்குள் பதினொரு கப்பி மீன்களும் மிதந்தன. யூரியா தண்ணீரில் அமோனியாவாக மாறும். நீரின் காரத்தன்மை கூடக் கூட அது மீனுக்கு நஞ்சாகும். எமது கிணற்று நீரில் ஆபத்து இரட்டிப்பு. மீன் உள்ள தொட்டிக்கு யூரியாவும் வேண்டாம், மாட்டெருவும் வேண்டாம். மீனின் கழிவே பெரும்பாலும் போதும். போதாவிட்டால் நீர்ச்செடிக்கென விற்கும் இரும்புக் கரைசலை, போத்தலில் எழுதிய அளவின் பாதியில் தொடங்குங்கள். மீன் இல்லாத பேசினில் செடி மட்டும் வளர்ப்பவர்கள் பசளையை மிக ஐதாகக் கரைத்து ஊற்றலாம்.

வெளிச்சம் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் போதும். நேர் வெயிலில் வைத்த தொட்டி மத்தியானத்தில் கஞ்சிபோல் சுடும், பாசியும் இலையை மூடும். இலைமேல் பாசி படர்ந்தால் வெளிச்சத்தையும் மீன் தீனியையும் குறையுங்கள். அனுபியாஸ், ஜாவா பன்னம் இரண்டின் கிழங்கையும் மணலுக்குள் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டியில் செடி கருகுவதும் உண்டு. சிறு நத்தைகளைக் குற்றம் சொல்லாதீர்கள், அவை பெரும்பாலும் அழுகியதைத்தான் தின்னும். பெரிய குளத்து நத்தை அப்படியல்ல. பச்சை இலையையே வெட்டும்.

எது காரணம் என்று பிடிபடாவிட்டால் இரண்டு ஜாம் போத்தல் எடுங்கள். ஒரே மணல், ஒரே வெளிச்சம். ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் மழைநீர் பாதி கலந்தது. இரண்டிலும் ஒரே தாய்ச்செடியின் கன்றுகள். ஒரு மாதத்தில் போத்தல்களே பதில் சொல்லும். மேலும் கேட்க விரும்புவோர், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரினவளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தர்களை அணுகலாம்.

அந்த ஏழு செடிகளையும் அக்கா சேற்றோடு அள்ளிப் பேசினில் வைத்தார். கிழங்கு பக்கவாட்டில் ஓடிக் கன்று விட, பிரித்துப் பிரித்து நட்டார். இப்போது வாங்க வருகிறவர்களுக்கு முதலில் அவர் சொல்வது விலையை அல்ல. "ரெண்டு கிழமைக்கு இலை கரையும். பிடுங்கிப் போடாதேங்கோ. ஒரு மாசத்துக்குப் பிறகும் வராட்டி என்னட்டைக் கொண்டு வாங்கோ, வேறை தாறன்."