எஞ்சின் ஏன் தடுமாறுகிறது?

நல்ல நிலையில் உள்ள மோட்டார் காரின் எஞ்சின், வண்டி நிற்கும்போது ஓடுவதே தெரியாதவாறு சீராக ஓடும். நாள்பட்ட வண்டிகளிலோ சில வேளைகளில் அச்சீர் கெட்டுவிடுகிறது. எஞ்சின் குலுங்குகிறது, அதன் ஓசை ஏறி இறங்குகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிய பின்னரே வேகம் பிடிக்கிறது. பட்டறையில் பணிபுரிவோர், ‘வண்டி மிஸ் அடிக்கிறது’ என்பர். உடனே பிளக்குகளை மாற்றுவதும், பிறகு பம்பை மாற்றுவதும், அதன் பின்னும் குணம் காணாவிடில் விலை மிகுந்த மின்னணுப் பெட்டியையே மாற்றுவதும் பலருடைய வழக்கம். பணம் கரைகிறது; குறை நீங்குவதில்லை. நல்ல வண்டியொன்று பயனற்றதென்று ஒதுக்கப்படுவதும் உண்டு. இத்தகைய குறையின் காரணத்தை முறையாக ஆராய்ந்து காண்பது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய நிறுவனமாகிய நிஸ்ஸான், வட அமெரிக்கச் சந்தைக்கென 1975 முதல் 1978 வரை வெளியிட்ட டட்சன் 280 இசட் என்னும் கார் அது. அதன் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 2,753 கன சென்டிமீட்டர். இதற்கு முந்திய மாடல்களில் பெட்ரோலைக் காற்றுடன் கலந்து தந்தவை கார்புரேட்டர்கள். அமெரிக்காவில் வண்டிப் புகை பற்றிய விதிகள் கடுமையானபோது, அளவறிந்து கலக்கும் நுட்பமான ஏற்பாடு தேவைப்பட்டது. ஆகவே, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வகுத்த எல்-ஜெட்ரானிக் என்னும் முறை இவ்வண்டியில் இடம்பெற்றது. பெட்ரோலை இன்ஜெக்டர்களின் வழியே பீச்சும் முறை இது. பெயரின் முதலில் நிற்கும் ‘எல்’ என்னும் எழுத்து, காற்றைக் குறிக்கும் ‘லுஃப்ட்’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தாகும்.

காற்றின் பெயரைச் சூட்டியது பொருத்தமே. ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பருமனளவில் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். இவ்விகிதம் மிகவும் மாறினால் கலவை சரிவரப் பற்றாது. ஆதலால், உட்செல்லும் காற்றை முதலில் அளக்க வேண்டும். காற்று நுழையும் வழியில், சுருள்வில்லால் மூடியிருக்குமாறு பிடிக்கப்பட்ட கதவு போன்ற தகடு ஒன்று உள்ளது. உள்ளே விரையும் காற்று அதனைத் தள்ளித் திறக்கிறது. எவ்வளவு திறந்தது என்பது மின்சாரச் செய்தியாகக் கணிக்கும் பெட்டிக்குச் செல்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை, எஞ்சினின் சுழற்சி வேகம் முதலிய செய்திகளும் அங்கு வந்து சேர்கின்றன. இவற்றைக் கொண்டு, இன்ஜெக்டர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் எத்தனை பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று பெட்டி முடிவு செய்கிறது.

இங்கு ஓர் உண்மையை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டிக்குக் கண் இல்லை. காற்றையோ தீயையோ அது நேரில் காண்பதில்லை. சாட்சிகள் சொல்வதை நம்பித் தீர்ப்புக் கூறும் நீதிபதியைப் போன்றது அது. சாட்சி பிழையானால் தீர்ப்பும் பிழையாகும். ஆகையால், சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். நீதிபதியை மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

விசாரணையின் முதற்படி கேள்வி கேட்பது. தடுமாற்றம் குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பின்னரா? நிற்கும்போதா, மேடு ஏறும்போதா? அடுத்து, அதற்கு ஒரு தாளம் உண்டா என்று செவிகொடுத்துக் கேட்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுழற்சிகளுக்கு ஒரு முறை எரிகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொண்டால், ஆறு சிலிண்டர்களிலும் சேர்ந்து நிமிடத்திற்கு 2,400 முறை, அதாவது விநாடிக்கு 40 முறை, எரிதல் நிகழ்கிறது. ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாவிடில் ஆறில் ஒரு துடிப்பு ஒழுங்காக விட்டுப்போகும். குலுக்கலில் மாறாத தாளம் தெரியும். அத்தாளமின்றி, எஞ்சின் வேகம் கூடுவதும் குறைவதுமாக அலைந்தால், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான கலவையின்மீது ஐயம் கொள்ள வேண்டும்.

தாளம் தெரிந்தால் குற்றவாளி எந்தச் சிலிண்டர் என்று காண்பது எளிது. எஞ்சின் ஓடும்போதே, ஓர் இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் மாட்ட வேண்டும். இவ்வாறே ஆறையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும். நன்கு உழைக்கும் சிலிண்டருக்குரிய இணைப்பைக் கழற்றினால் எஞ்சினின் ஓட்டம் உடனே தளரும். எதைக் கழற்றியும் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ, அந்தச் சிலிண்டர் முன்னமேயே உழைக்கவில்லை என்பது தெளிவு.

அச்சிலிண்டருக்கு வேண்டியவை மூன்று: பெட்ரோல், தீப்பொறி, நன்கு அழுத்தப்பட்ட காற்று. எது குறைந்தது? இங்கு இடமாற்றிச் சோதிக்கும் முறை பெரிதும் உதவும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அச்சிலிண்டரின் பிளக்கை மற்றொன்றின் பிளக்குடன் மாற்றிப் பூட்டுக. குறையும் உடன் சென்றால் பிளக்கே காரணம். செல்லாவிடில் பிளக் குற்றமற்றது. இவ்வண்டியில் ஆறு இன்ஜெக்டர்களும் ஒரே நேரத்தில் பீச்சுவதால், கம்பி எட்டும் அளவில் அடுத்தடுத்த இரண்டின் மின் இணைப்புகளையும் இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். பல ஆண்டுகள் எஞ்சினின் வெப்பத்தில் கிடந்த இணைப்புகளில் பச்சை நிறக் களிம்பு ஏறியிருப்பது அடிக்கடி காணும் குறை. தூய்மை செய்தாலே குணமாகிவிடுவதும் உண்டு. எதை மாற்றினாலும் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணம் கண்டபோதிலும் காரணம் தெரியாமற் போகும். பிளக்கும் இன்ஜெக்டரும் நல்லவை என்று தெரிந்த பின் கம்ப்ரஷனை அளந்து பார்க்க வேண்டும். அது ஒரு சிலிண்டரில் மட்டும் பெரிதும் தாழ்ந்திருந்தால், வால்வையோ பிஸ்டன் வளையத்தையோ கவனிக்க வேண்டும்.

இனி, எல்லாச் சிலிண்டர்களும் ஒருங்கே தடுமாறும் வகை. இங்கு முதற்சாட்சி காற்றளக்கும் தகடு. அதற்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தால், அவ்வெடிப்பின் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. தகடு அதனை அறியாது. ஆகவே பெட்டியும் அறியாது. காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் தடுமாறுகிறது. பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய், இன்ஜெக்டர்களின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள், எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியின் அடைப்பு ஆகியவையும் இவ்வாறு காற்றை உள்ளே விடக்கூடும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் மெல்ல ஓடும்போது, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறக்க வேண்டும். எஞ்சினின் உட்பகுதியிலுள்ள ஆவியைக் காற்று வழிக்குக் கொண்டுசெல்லும் குழாய் இருப்பதால், திறந்த வாயின் வழியே அளக்கப்படாத காற்று புகும். ஓட்டம் தள்ளாட வேண்டும். தள்ளாடாவிடில், வேறெங்கோ ஒரு பெரிய திறப்பு ஏற்கெனவே இருக்கக்கூடும் என்று ஐயுறலாம். கெட்டதைக் கெடுத்துப் பார்த்து அறிவதும் ஒரு முறையே!

இரண்டாம் சாட்சி நீரின் வெப்பநிலையை உணரும் கருவி. வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை குறையும். 20 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 2,500 ஓம். 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம். இதன் இணைப்பில் களிம்பேறினால் தடை கூடும். தடை கூடினால் பெட்டி என்ன எண்ணும்? எஞ்சின் கடுங்குளிரில் உள்ளது என்று எண்ணிப் பெட்ரோலை மிகுதியாகப் பீச்சும். சூடேறிய எஞ்சின் திணறிக் கரும்புகை விடும். பிளக்குகள் கரி படிந்து கறுக்கும். பெட்ரோல் குறைந்த கலவையிலோ பிளக்குகள் வெளுத்துக் காணும். ஓம் அளக்கும் மீட்டர் ஒன்றிருந்தால் இச்சாட்சியைச் சில நிமிடங்களில் விசாரித்துவிடலாம். மூன்றாவதாக, பெட்ரோலின் அழுத்தத்தையும் அளவுமானி கொண்டு பார்க்க வேண்டும். இவ்வண்டியில் அது, இன்ஜெக்டர்கள் பீச்சும் காற்று வழியிலுள்ள அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.55 கிலோ மிகுந்திருக்க வேண்டும்.

சோதனை செய்வோர் எச்சரிக்கையாகவும் இருத்தல் வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரைப் பறிக்கும். பெட்ரோல் குழாயை அழுத்தம் தணித்த பின்னரே கழற்ற வேண்டும். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின்மீது எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பது பேராபத்து. எஞ்சினை நிறுத்தி, காற்று வழியில் மெல்லப் புகையைச் செலுத்தி, அது வெளிவரும் இடத்தைக் காண்பது நல்ல முறை.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான ஓபிடி-2 என்னும் முறையில், பெட்டியே குறையைக் குறியீட்டால் அறிவிக்கிறது. பி 0301 என்று வந்தால், முதற்சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது பொருள். ஆயினும், காரணம் பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்பதை அவ்வெண் சொல்வதில்லை. அது நோயாளியின் முனகல் போன்றது. வலிக்கும் இடத்தைக் காட்டும். நோயின் மூலத்தை மனிதனே தேடிக் காண வேண்டும். கேட்டல், அளத்தல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், அதன் பின்னரே முடிவு கூறுதல் என்னும் இம்முறையைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே மாணவர்கள் கற்கின்றனர். அதனைக் கையில் கொண்டு எஞ்சினை அணுகுவோருக்கு, பணம் கொடுத்து வாங்க வேண்டிய உறுப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சில வேளைகளில் களிம்பு துடைக்க ஒரு துண்டுத் துணியே போதும்.