ஹைப்ரிட் காருக்கு மாற்று டயர்: எரிபொருளும் ஓசையும்

நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்திற்கும் மேற்பட்ட பகுதியை இறக்குமதி செய்து வருகிறது. எனவே சாலையில் சேமிக்கப்படும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் தனி மனிதனின் பணப்பையைக் காப்பதோடு, நாட்டின் அந்நியச் செலாவணியையும் காக்கிறது. இந்நோக்கில் வரவேற்கப்பட்டவையே பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் இணைந்து இயங்கும் ஹைப்ரிட் கார்கள். 2022-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை அடுத்தடுத்து அறிமுகமாயின. எஸ்.யு.வி. எனப்படும் உயரமான கார்களின் வகையிலும் இதன் மூலம் ஹைப்ரிட் முறை பரவலாயிற்று. கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட் வகைக்குச் சோதனை நிலையில் அளிக்கப்பட்ட சான்றளவு லிட்டருக்கு 27.97 கிலோ மீட்டர் ஆகும்.

அன்று வாங்கப்பட்ட கார்களில் பல இன்று முதன்முறையாக டயர் மாற்றும் கட்டத்தை அடைந்துள்ளன. வாங்கும்போது மைலேஜைப் பற்றிப் பல நாட்கள் ஆராய்ந்தவரும், அலுவலகத்திற்காகக் கோப்பு எழுதி ஒப்புதல் பெற்ற அதிகாரியும், டயர் மாற்றும்போது அளவையும் விலையையும் மட்டுமே கேட்டு முடிவு செய்துவிடுகின்றனர். காரின் வடிவமைப்பாளர் அரும்பாடுபட்டுச் சேர்த்த சிக்கனத்தின் ஒரு பகுதி அந்தச் சில நிமிடங்களில் கைநழுவிப் போகக்கூடும். அது எவ்வாறு நிகழ்கிறது, அதைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

மீட்க முடியாத இழப்பு

டயர் உருளும்போது அதன் எந்தப் பகுதி சாலையைத் தொடுகிறதோ அப்பகுதி தட்டையாகி, பின்னர் மீண்டும் பழைய வடிவை அடைகிறது. ரப்பரை வளைக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை; ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகிறது. நெடுந்தூரம் ஓடிய காரின் டயரைத் தொட்டால் சூடாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். காரின் ஓட்டத்தை இவ்வாறு ஓயாது பின்னிழுக்கும் விசைக்கு உருளல் தடை என்று பெயர்.

ஒரு டன் எடையைச் சுமந்து உருட்டுவதற்கு எத்தனை கிலோ கிராம் இழுவிசை தேவை என்று இத்தடையை அளப்பது வழக்கம். பயணிகளுடன் 1,600 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு 7.5 கிலோ தடையுள்ள டயர்களில் அது ஓடினால் பின்னிழுக்கும் விசை 12 கிலோ. டன்னுக்கு 10.5 கிலோ தடையுள்ள டயர்களில் அவ்விசை ஏறத்தாழ 17 கிலோ. அளவிலும் தோற்றத்திலும் ஒன்றுபோல் இருக்கும் இரு டயர்களுக்கிடையே இத்தகைய வேறுபாடு இருக்கக்கூடும் என்பதைக் கடையில் கண்ணால் பார்த்து அறிய இயலாது.

ஹைப்ரிட் காரின் தனிச் சிறப்பு, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றி மின்கலத்தில் சேமிப்பதே ஆகும். ஆனால் டயரில் வெப்பமாகிப் போன ஆற்றலை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. பிற இழப்புகளைக் குறைத்துக்கொண்ட காரில், குறைக்கப்படாத இழப்பின் பங்கு ஓங்கித் தெரிவது இயல்பு. ஆகவே சாதாரணக் காரைவிட ஹைப்ரிட் காரில் டயரின் தேர்வு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் 2006-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, உருளல் தடை 10 சதவிகிதம் குறைந்தால் எரிபொருள் செலவு 1 முதல் 2 சதவிகிதம் வரை குறையும். மேலே கண்ட இரு டயர்களின் வேறுபாடு 28 சதவிகிதத்திற்குச் சற்று அதிகம். எனவே சேமிப்பு 4 சதவிகிதம் என்று அடக்கமாகவே கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோ மீட்டர் தரும் கார் 45,000 கிலோ மீட்டர் ஓட 2,250 லிட்டர் தேவை. அதில் 4 சதவிகிதம் 90 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய். நான்கு டயர்களுக்கும் சேர்த்து 6,000 ரூபாய் குறைவு என்று கருதி தடை மிகுந்த டயரை வாங்கியவர், உண்மையில் 3,000 ரூபாய் இழந்தவராகிறார்.

மழைச் சாலையும் மறவாமையும்

உருளல் தடை குறைவது ஒன்றே நோக்கமாயின், வழவழப்பான, கெட்டியான ரப்பரால் டயர் செய்துவிடலாம். ஆனால் அத்தகைய டயர் மழைநீர் தேங்கிய சாலையில் வழுக்கிச் செல்லும். தடை குறைவு, ஈரச் சாலையில் பிடிப்பு, நீண்ட உழைப்பு ஆகிய மூன்றில் ஒன்றைப் பெருக்கினால் மற்றொன்று குறைய முற்படும் என்பது டயர்த் தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை.

இம்முரண்பாட்டைத் தளர்த்தியது சிலிகா என்னும் பொருள். முன்னர் ரப்பருக்கு வலுவூட்டப் பெரும்பாலும் கரித்தூளே சேர்க்கப்பட்டது. 1992-இல் மிஷெலின் நிறுவனம் சிலிகா கலந்த டயரைக் கார்களுக்கு அறிமுகப்படுத்தியது. டயர் உருளும்போது ரப்பர் மெதுவான அதிர்வெண்ணில் வளைகிறது; பிரேக் பிடிக்கும்போதோ சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் மிக விரைவாக அதிர்கிறது. சிலிகா சேர்ந்த ரப்பர் முதல் நிலையில் குறைந்த ஆற்றலையும் இரண்டாம் நிலையில் மிகுந்த ஆற்றலையும் உட்கொள்ளுமாறு அமைக்கப்படுகிறது. இதனால் சிக்கனமும் பிடிப்பும் ஓரளவு ஒருங்கே கிட்டின. எனினும் எல்லா டயரிலும் இச்சமநிலை ஒரே அளவில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் 80 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது, நல்ல பிடிப்புள்ள டயருக்கும் பிடிப்புக் குறைந்த டயருக்கும் இடையே நிற்கும் தூரம் பல மீட்டர் வேறுபடும். சாலையைக் கடக்கும் ஒரு மனிதரின் உயிர் அந்தச் சில மீட்டரில் அடங்கியிருக்கலாம். ஆகவே சிக்கனத்திற்காகப் பிடிப்பை விட்டுக்கொடுத்தல் கூடாது.

ஓசை எங்கிருந்து வருகிறது?

ஹைப்ரிட் கார் மெதுவாகச் செல்லும்போது என்ஜின் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அந்நேரத்தில் என்ஜின் ஓசை மறைத்து வைத்திருந்த டயரின் இரைச்சல் வெளிப்படுகிறது. வேகம் கூடக்கூட எந்தக் காரிலும் டயரின் ஓசையே மேலோங்குகிறது.

டயரின் மேற்பரப்பிலுள்ள ரப்பர்க் கட்டங்கள் சாலையில் மோதுவதாலும், பள்ளங்களில் சிக்கிய காற்று நசுங்கி வெளியேறுவதாலும், டயரின் உள்ளே அடைபட்ட காற்று அதிர்வதாலும் ஓசை பிறக்கிறது. கட்டங்கள் யாவும் ஒரே நீளமாக இருந்தால் ஒற்றைச் சுருதியில் ரீங்காரம் எழும். அதைத் தவிர்க்கவே சிறந்த டயர்களில் கட்டங்களின் நீளம் சிறிதும் பெரிதுமாக மாற்றி அமைக்கப்படுகிறது. கரடுமுரடான நிலத்திற்கென ஆழமான பள்ளங்களும் பெரிய கட்டங்களும் கொண்ட டயர்கள் தார்ச்சாலையில் பேரிரைச்சல் எழுப்புவதோடு எரிபொருளையும் மிகுதியாகச் செலவிடுகின்றன. நகரிலும் நெடுஞ்சாலையிலும் மட்டுமே ஓடும் காருக்கு, கம்பீரமான தோற்றம் கருதி அவற்றைப் பொருத்துவது வீண் செலவே.

டெசிபல் அளவில் 3 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகக் குறைகிறது என்பது பொருள். ஆனால் டயர்களுக்குத் தரப்படும் டெசிபல் எண், சாலையோரத்தில் வைத்து அளந்த வெளி ஓசையையே குறிக்கிறது. காருக்குள் கேட்கும் ஓசை, சாலையின் தன்மையையும் காரின் கட்டமைப்பையும் பொறுத்து வேறுபடும்.

விதிகளும் அடையாளங்களும்

கார் டயர்களுக்கு இந்தியத் தர முத்திரை பெறுவதை 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை கட்டாயமாக்கியது. அடுத்த கட்டமாக, உருளல் தடை, ஈரப் பிடிப்பு, உருளும் ஓசை ஆகிய மூன்றிற்கும் ஏ.ஐ.எஸ். 142 என்னும் தரவரையறையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-இல் அறிவித்தது. புதிய வடிவமைப்புகளுக்கு அவ்வாண்டு அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையிலிருந்த வடிவமைப்புகளுக்கு 2023-இல் படிப்படியாகவும் இது நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய வரையறை மோசமான டயரை விலக்குகிறது. எனினும் தேறியவற்றுள் எது சிறந்தது என்று அது கூறுவதில்லை. அதற்குத் தர அடையாளச் சீட்டு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் டயர்களுக்கு இச்சீட்டு கட்டாயம். 2021 மே மாதம் முதல் நடப்பிலுள்ள முறையில் எரிபொருள் சிக்கனமும் ஈரப் பிடிப்பும் தனித்தனியே ஐந்து வகுப்புகளாகப் பிரித்துக் காட்டப்படுகின்றன. கார் டயரின் உருளல் தடை டன்னுக்கு 6.5 கிலோ வரை இருந்தால் முதல் வகுப்பு, 10.5 கிலோவைத் தாண்டினால் கடைசி வகுப்பு. நம் நாட்டில், குளிர்பதனப் பெட்டிகளுக்கும் குளிர்சாதனங்களுக்கும் நட்சத்திர மதிப்பு வழங்கி வரும் எரிசக்தித் திறன் பணியகம், டயர்களுக்கும் விருப்ப அடிப்படையில் நட்சத்திர மதிப்பைத் தொடங்கியுள்ளது. இம்மதிப்பு உருளல் தடையை அடிப்படையாகக் கொண்டது. எனவே நட்சத்திரத்தைப் பார்ப்பவர் ஈரப் பிடிப்பைப் பற்றித் தனியே கேட்டறிதல் வேண்டும்.

தேர்வு செய்யும் முறை

முதலாவதாக, காருடன் தரப்பட்ட கையேட்டில் குறித்த அளவையே வாங்க வேண்டும். 215/60 ஆர் 17, 96 எச் என்று பொறிக்கப்பட்டிருந்தால், 215 என்பது மில்லி மீட்டரில் அகலம். 60 என்பது அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் சதவிகிதம். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 17 என்பது சக்கரத்தின் அங்குல விட்டம். 96 என்னும் சுமைக் குறியீடு ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது 210 கிலோ மீட்டர் வேக வரம்பையும் காட்டும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கையேட்டில் உள்ளதற்குக் குறையலாகாது. அழகுக்காக அகலமான டயரைப் பொருத்தினால் பெரும்பாலும் எரிபொருள் செலவும் ஓசையும் கூடும்.

இரண்டாவதாக, தொழிற்சாலையில் பொருத்தப்படும் டயர், கார் நிறுவனம் விதித்த தேவைக்கேற்பத் தயாரிக்கப்படுவது உண்டு. கடையில் அதே பெயரில் கிடைப்பது எல்லா வகையிலும் அதுவே என்று கொள்ள இயலாது. உருளல் தடை வகுப்பு, ஈரப் பிடிப்பு வகுப்பு, ஓசை அளவு ஆகிய மூன்றையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்பது நல்லது. மூன்றாவதாக, பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்படும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். 2325 என்பது 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் ஆகும்.

அலுவலகக் கொள்முதலில் குறைந்த விலைப்புள்ளிக்கே முதலிடம் தரப்படுவது வழக்கம். கேட்கப்படும் தரத்தில் உருளல் தடைக்கும் ஈரப் பிடிப்புக்கும் வரம்பு குறிப்பிட்டு, அதன்பின் விலைகளை ஒப்பிட்டால், விதியும் காக்கப்படும், எரிபொருளும் மிஞ்சும்.

புதிய டயரும் குறையும் மைலேஜும்

புதிய டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டதென்று பலர் வருந்துவதுண்டு. இதற்கு இரு காரணங்கள் உள. தேய்ந்த டயரில் வளைந்து சூடேறும் ரப்பர் குறைவாதலால் அதன் உருளல் தடையும் குறைவு. மேலும், மேற்கூறிய அளவுள்ள டயரின் ஆரம் ஏறத்தாழ 345 மில்லி மீட்டர். அது 6 மில்லி மீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 1.7 சதவிகிதம் குறைந்து, சக்கரம் கூடுதலாகச் சுழல்கிறது. தூரமானி உண்மைக்கு மேல் காட்டுகிறது. பழைய டயர் காட்டிய மைலேஜில் ஒரு பகுதி கணக்கில் மட்டுமே இருந்ததாகும். எனவே ஒப்பீட்டைப் புதிய டயர் சில ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பின் செய்வதே முறை. இந்தக் குறைவுக்கு அஞ்சித் தேய்ந்த டயரிலேயே ஓட்டுவது ஆபத்தானது. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போகலாகாது.

பராமரிப்பு இன்றேல் பயனில்லை

எவ்வளவு சிறந்த டயரும் காற்றழுத்தம் குறைந்தால் மிகுதியாக வளைந்து எரிபொருளை விழுங்கும். டயரிலிருந்து மாதத்திற்கு ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் இயல்பாகவே குறையக்கூடும். ஆகவே மாதம் ஒரு முறையேனும், கார் ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்த நிலையில் அழுத்தத்தைச் சோதித்தல் வேண்டும். சக்கரங்களின் நேர்நிலை பிறழ்ந்தால் டயர் ஒருபுறமாகத் தேய்ந்து, நாளடைவில் இரைச்சலும் எழும். கையேட்டில் கூறியபடி டயர்களை இடம் மாற்றி வந்தால் தேய்மானம் சமமாகும்.

குறைந்த விலைக்கு வாங்கிய டயருக்கான மீதித் தொகையைக் காரின் உரிமையாளர் பெட்ரோல் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் தவணை முறையில் செலுத்த நேரிடும். அரசு ஊர்தியாயின் அத்தவணையைச் செலுத்துபவர் வரி செலுத்தும் குடிமக்கள். அடுத்த முறை டயர் கடையிலோ கொள்முதல் கோப்பிலோ விலையைக் கேட்பதற்கு முன் உருளல் தடையையும் ஈரப் பிடிப்பையும் கேட்கும் வழக்கம் ஏற்படுமாயின், அந்தச் செலவில் ஒரு பகுதியையேனும் தவிர்க்கலாம்.