கல்லும் எஃகும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக உப்புக்காற்றைத் தாங்கி நிற்கின்றது. அதன் சிற்பங்களின் கூர்மை மழுங்கியிருப்பதை யாவரும் காணலாம். எந்தப் பொருள் எவ்வளவு காலம், எவ்வளவு சுமையைத் தாங்கும்? இவ்வினாவுக்கு விடை காணும் துறைகளே திண்மப்பொருள் இயக்கவியலும் பொருளறிவியலும் ஆகும். அவ்விடையைத் தேடும் பெரும் ஆய்வுக்கூடம் ஒன்று, அக்கோயிலுக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அமைந்துள்ளது.

ஓர் அலகுப் பரப்பின் மீது செயற்படும் விசையைத் தகைவு என்பர். அதனால் நீளத்தில் ஏற்படும் மாற்றத்தின் விகிதத்தைத் திரிபு என்பர். மீட்சி எல்லைக்குள் தகைவும் திரிபும் நேர் விகிதத்தில் இருக்கும். ஆயின் மிகுந்த வெப்பத்தில், மாறாத சுமையின் கீழும் உலோகம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக நீளும். இது ஊர்தல் எனப்படும்.

கல்பாக்கத்தில் 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பெற்றது. 1985-இல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 18-இல் அங்குள்ள வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. இவ்வகை உலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். வேக நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்தெறிகின்றன, வெற்றிடங்கள் திரண்டு நுண்குழிகளாகின்றன, எஃகு உப்புகின்றது. எரிபொருட் குழாய்கள் உப்பினால் சோடியம் பாயும் வழி குறுகும்; எரிபொருளை முழுதும் பயன்படுத்துமுன்னரே வெளியே எடுக்க நேரும். எனவே டைட்டானியம் கலந்த துருப்பிடிக்கா எஃகு முதலியவற்றை ஆய்ந்து உருவாக்குகின்றனர்.

பற்றவைப்புகளின் குறைகளைப் பொருளைச் சிதைக்காமல் கண்டறிதலும் இங்கு வளர்ந்த கலையே. அத்துறையில் புகழ்பெற்ற பல்தேவ் ராஜ் 2004 முதல் 2011 வரை இம்மையத்தின் இயக்குநராக விளங்கினார். தென்னிந்திய வெண்கலப் படிமங்களைப் பற்றியும் அவர் வேறிருவருடன் இணைந்து நூல் எழுதினார். பழங்கலையும் புத்தறிவியலும் கைகோக்கும் இடம் அது.

இத்துறைக்குள் புக வழிகள் உள. இயற்பியல், வேதியியல் பட்டதாரிகள் முதுகலை முடித்து நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகளுள் தம் பாடத்திற்கு உரியதை எழுதலாம். 2005-இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் வழியே கல்பாக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளலாம். பொறியியல் பயின்றோர்க்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் உலோகவியல், இயக்கவியல் துறைகள் உள்ளன. செங்கற்பட்டு மாவட்டத்து வண்டலூரில், 1984-இல் தொடங்கிய கிரசண்ட் கல்வி நிறுவனமும் உயர்கல்வி தருகின்றது.

தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரை எதற்கு என வினவலாம். தகைவு, திரிபு என்னும் சொற்களின் பொருள் தமிழில் தெளிந்த மாணவர்க்கு ஆங்கில நூல் அச்சமூட்டாது. அச்சத்தால் அறிவியலைக் கைவிடும் முதல் தலைமுறை மாணவர் பலர். பெரியோர்களே, அவர்களை ஒருமுறை கல்பாக்கத்துப் பாதையைக் காணச் செய்யுங்கள். நடக்கும் வலிமை அவர்களிடம் உண்டு.