கம்பும் கீரையும் இரத்த அழுத்தமும்

பருத்திச் செடியின் முதிர்ந்த இலையில் நரம்பு மட்டும் பசுமையாய் நிற்க, இடையெல்லாம் செந்நிறம் பாய்வதைக் கோயமுத்தூர் ஜில்லாக் குடியானவர்கள் நன்கறிவார்கள். மக்னீசியச் சத்துக் குறைவு அதற்குரிய காரணங்களுள் ஒன்று. இலைப்பச்சைக்கு நடுநாயகமாய் அமைந்தது இச்சத்தே.

மனித தேகத்திற்கும் இது இன்றியமையாதது. சுண்ணச் சத்து உட்புகுவதால் இரத்தக் குழாய்ச் சுவரின் தசை சுருங்குகிறது. அதனை மட்டுப்படுத்தித் தளர்த்துவது மக்னீசியம். இது குறைந்தால் குழாய் இறுகி அழுத்தம் ஏற இடமுண்டு. எனினும் மிகைபடக் கூறலாகாது. பல பரிசோதனைகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், தினம் சுமார் 370 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்டோருக்கு மேல் அழுத்தம் சுமார் 2 மில்லிமீட்டரே தணிந்தது. ஆகவே, இதனை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்துவது ஆபத்தாகும்.

கவனிக்கத்தக்கது அன்றாட உணவே. 100 கிராம் தீட்டிய அரிசியில் இச்சத்து சுமார் 20 மில்லிகிராம். கம்பில் 124, சோளத்தில் 133, கேழ்வரகில் 146. அரிசியில் இருந்ததன் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. கொங்குச் சீமையின் மானாவாரி நிலத்தில் விளைந்த கம்பையும் சோளத்தையும் மாட்டுக்கும் கோழிக்கும் விட்டுவிட்டு, வெள்ளரிசியை விலைக்கு வாங்கி உண்பதில் என்ன லாபமோ! ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குக் கீரை கொண்டுசெல்வோர் வீட்டிற்கென்றும் ஒரு கட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

பருத்திக்குத் தெளிக்கும் மக்னீசியம் சல்பேட்டும் பேதியுப்பும் ஒரே பொருள்தான். அதற்காக உரக்கடைச் சரக்கை எவரும் வாயிலிடலாகாது. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு மக்னீசியம் உடலில் தேங்கி விஷமாகவும் கூடும்.